ஒரே டெனோபோவிர், இரண்டு வரிசை

ஏரிக்கரையான் | வெள்ளி, இரவு 10:12

விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். ஒரு விஷயம் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் சொன்னால் "அவ்வளவு தூரம் போய் உனக்கு ஏன் இந்த வேலை" என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் மருந்தாளுநர். தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் ம்வான்சா நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வேலை. எச்.ஐ.வி. பிரிவில் மாத்திரை எண்ணிக் கொடுப்பது என் பொழுதில் பாதி. அங்கே இப்போது ஏறக்குறைய எல்லோருக்கும் டி.எல்.டி. என்ற ஒரே மாத்திரைதான். டெனோபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. நாளைக்கு ஒன்று. வெள்ளை டப்பாவில் 90 மாத்திரை இருக்கும். டப்பாவை அசைத்தால் கலகலவென்று ஒலிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட அது எந்த டப்பா என்று தெரிந்துவிடும். அதற்குப் பயந்தே பலர் டப்பாவை எங்களிடம் விட்டுவிட்டு, மாத்திரையைத் துணியில் முடிந்துகொண்டு போவார்கள்.

மார்ச் மாதம் ஒரு பெண் வந்தார். தாகா என்று ஒரு பொடிமீன், நம் நெத்திலியைப் போல இருக்கும். அதைக் காயவைத்து விற்பவர். எட்டு ஆண்டுகளாக ஒரு வேளை தவறாதவர், ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலையிலேயே இருந்தவர். இந்த முறை வைரஸ் ஏறியிருந்தது. மிச்சமிருந்த மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினேன். எண்ணிக்கை அச்சுப் பிசகாமல் சரி. ஒழுங்காக விழுங்கியவருக்கு வைரஸ் ஏன் ஏற வேண்டும்? மறுபடி எண்ணினேன். அப்போதும் சரி.

நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். ஒரு நாள் அவர், மறுநாள் அவருடைய தம்பி. தம்பிக்கு எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் காமாலை வைரஸ். அவரும் எங்கள் மருத்துவமனைக்குத்தான் வருகிறார், இரண்டு கட்டடம் தள்ளி. அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தும் இதே டெனோபோவிர்தான். அக்காவுக்கு இலவசம், தம்பிக்குக் காசு. காப்பீடு கிடையாது. மூட்டை தூக்கும் கூலியில் மருந்து வாங்கினால் சோறு இல்லை, சோறு வாங்கினால் மருந்து இல்லை.

அடுத்த வாரம் தம்பியே வந்தார். "என் அட்டையிலும் எச்.ஐ.வி. என்று எழுதிவிடுங்கள், டாக்டாரி. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றார். ஊரே எந்தப் பெயரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதோ, அதை ஒருவர் வலியக் கேட்டு வாங்க வருகிறார்.

ஒரே மாத்திரைக்கு ஏன் இரண்டு வரிசை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பல்லாவரம் மருந்தாளர் | வெள்ளி, இரவு 11:40

அண்ணா, படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

இந்த மாத்திரை தானாக மலிவாகிவிடவில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் நம் மும்பை மருந்து நிறுவனமான சிப்லாவின் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். அன்று நம் காப்புரிமைச் சட்டம் 1970-இல் எழுதியது. மருந்தைத் தயாரிக்கும் முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்கே கிடையாது. மருந்துக்கே காப்புரிமை வந்ததும் அந்த வழி 2005-இல் அடைபட்டது. இருந்தும் டெனோபோவிர் தப்பியது. 2006-இல், அதற்குக் காப்புரிமை கேட்ட அமெரிக்க கிலியட் நிறுவனத்தின் விண்ணப்பத்தை எதிர்த்து மனு போட்டவர்களில் எச்.ஐ.வி. உள்ளோரின் இந்தியக் கூட்டமைப்பும் ஒன்று. 1997-இல் நம் சென்னையில் தொடங்கிய அமைப்பு அது. 2009-இல் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. உங்கள் ம்வான்சா டப்பாவுக்குள் அந்த மனுவும் இருக்கிறது.

2023-இல் குளோபல் ஃபண்ட் என்ற உலக நிதியம் உங்கள் டி.எல்.டி.-யை வாங்கும் விலை ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே இறங்கியது. மூன்று மருந்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை!

ஹெபடைடிஸ் பி-க்குத் தனி டெனோபோவிர் மாதத்துக்கு 2.40 டாலருக்குக் கிடைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அறிக்கையில் சொல்கிறது. ஆனால் விலை விவரம் தந்த 26 நாடுகளில் 7 மட்டுமே அந்த விலைக்கோ அதற்குக் கீழோ வாங்கின. காரணம் எளிது. எச்.ஐ.வி. மருந்தை லட்சக்கணக்கான டப்பாவாக மொத்தக் கொள்முதல் செய்ய ஆள் இருக்கிறது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா இந்த மூன்றுக்குத்தான் குளோபல் ஃபண்ட். எச்.ஐ.வி.-யும் சேர்ந்து இருந்தால் உண்டு, மஞ்சள் காமாலை வைரஸ் மட்டும் இருந்தால் கிடையாது. கோயம்பேட்டில் லாரியோடு வாங்குகிறவனுக்கு ஒரு விலை, தெருமுனையில் கால் கிலோ வாங்குகிறவனுக்கு ஒரு விலை.

---

கணக்குப்பிள்ளை | சனி, காலை 7:05

கேட்கவே வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. இருபது ஆண்டுகளாக வெளிநாட்டுக் காசில் ஒரு நோய்க்கு மட்டும் கொட்டினார்கள். இப்போது இன்னொரு நோய்க்கும் கொட்டு என்கிறீர்கள். நாளைக்குச் சர்க்கரை நோய்க்காரர் வருவார். மாதம் 2.40 டாலர் மருந்தை வாங்கித் தர அந்த ஊர் அரசாங்கத்துக்கு என்ன கேடு? அடுத்தவன் பந்தியில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

---

சானடோரியம் வாத்தியார் | சனி, காலை 9:30

கணக்குப்பிள்ளை தம்பி, பந்தி யாரும் போட்டுத் தரவில்லை. இலையைப் பிடுங்கித்தான் உட்கார்ந்தோம்.

நான் பள்ளி ஆசிரியராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையம் ஒன்றில் சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவன். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, நம் நாட்டில் அப்படி எதுவும் இருக்காது என்றுதான் பெரியவர்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு தாம்பரம். 1928-இல் காசநோய்க்கென்று தொடங்கிய மருத்துவமனை அது. ஊருக்கும் ரயில் நிலையத்துக்கும் சானடோரியம் என்றே பெயர். ஆந்திராவிலிருந்து இரவு ரயிலில் வந்து, விடிவதற்கு முன் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். பலர் ஊரில் சபரிமலைக்குப் போகிறேன், திருப்பதிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். மொட்டை போட்டுக்கொண்டு திரும்பியவரையும் எனக்குத் தெரியும், பொய் வெளுத்துவிடக் கூடாதே என்று.

அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1. முதலில் திறந்த எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதற்கு முந்திய ஆண்டுகளில் நகையை விற்று ஆறு மாதம், நிலத்தை விற்று ஒரு வருடம் என்று மருந்து சாப்பிட்டு, விற்க ஒன்றுமில்லாதபோது நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அந்த ஏப்ரல் சும்மா வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் மலிவு மருந்துக்கு வழி செய்த சட்டத்தை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் அரசின் மீது போட்ட வழக்கை 2001 ஏப்ரலில் திரும்பப் பெற்றன. வெளியே நோயாளிகள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள், அதனால்தான். 2022-இல் நம் நாட்டில் மருந்து தட்டுப்பட்டபோதுகூட டெல்லியில் எச்.ஐ.வி. உள்ளோர் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலக வாசலில் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்தார்கள்.

ஹெபடைடிஸ் பி-க்கு வாசலில் உட்கார யார் இருக்கிறார்கள்? 2022 கணக்கில் உலகத்தில் 25.4 கோடிப் பேருக்கு அது இருக்கிறது. தனக்கு இருப்பதே தெரிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். மருந்து சாப்பிடுகிறவர்கள் 3 பேர். தெரியாதவன் எப்படிக் கத்துவான்? தெரிகிறபோது வயிறு வீங்கி, கல்லீரல் சுருங்கி, கத்தத் தெம்பு இருக்காது.

---

மூலிகைத்தோட்டம் | சனி, பகல் 12:15

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். மஞ்சள் காமாலைக்கு ஆங்கில மருத்துவத்தில் மருந்தே இல்லை என்று டாக்டர்களே சொல்வார்கள். எங்கள் ஊரில் கீழாநெல்லியை அரைத்து மோரில் மூன்று நாள் கொடுத்தால் தீர்ந்தது. எத்தனையோ பேருக்கு என் பாட்டி கொடுத்திருக்கிறார். ஆப்பிரிக்காவிலும் கீழாநெல்லி முளைக்கும்தானே? இதற்கு டாலர் கணக்கெல்லாம் எதற்கு?

---

பல்லாவரம் மருந்தாளர் | சனி, பகல் 1:50

மூலிகைத்தோட்டம், உங்கள் பாட்டியைக் கேலி செய்ய மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் இதைத்தான் கேட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் அந்த ஆய்வில் உண்டு. 1988-இல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது என்று எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு நாடுகளில் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

பாட்டி வைத்தியம் பலித்ததற்குக் காரணம் வேறு. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் தானே தீரும். மோரைக் குடித்தாலும் தீரும், குடிக்காவிட்டாலும் தீரும். பி வகை பலருக்குக் கண் மஞ்சளே ஆகாமல் முப்பது ஆண்டுகள் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

கண் மஞ்சளாகி, கீழாநெல்லி குடித்து, மஞ்சள் போனதும் நோய் போய்விட்டது என்று ரத்தப் பரிசோதனைக்கு வராமல் போனவர்களைக் கடையில் வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். என் கவலை அதுதான்.

---

வடலி நிழல் | சனி, மாலை 4:20

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் இதைச் செங்கமாரி என்போம். இங்கேயும் கீழ்க்காய்நெல்லிதான் முதல் மருந்து, வாத்தியார் ஐயா சிரிக்க வேண்டாம்.

நான் தாதியாக இருந்து இளைப்பாறியவள். ஒரு சிறு செய்தி மட்டும். தாயிடம் இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.-யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. நாங்கள் ஒன்றும் பணக்கார நாடு இல்லை. கர்ப்பிணி கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொரு தாய்க்கும் இரத்தம் எடுத்தோம், அவ்வளவுதான். எல்லோருக்கும் எடுத்தபடியால் யாரையும் விரல் காட்ட முடியவில்லை. தனி அறை, தனிப் பதிவேடு, தனி வரிசை என்று வைத்த நாளில்தான் பெண்கள் வராமல் விட்டார்கள்.

கணக்குப்பிள்ளைத் தம்பி கேட்டதற்கும் இதுதான் என் பதில். காசு அரசாங்கம் போடலாம். ஆனால் எந்த வாசலால் போட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

---

நைல் பாலத்தடி | சனி, இரவு 8:02

கணக்குப்பிள்ளைக்கு நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். 2017 முதல் கெய்ரோவில் கட்டுமான நிறுவனம் ஒன்றில் இருந்தேன்.

எகிப்தின் கதை கொடுமையானது. 1950-களிலிருந்து 80-கள் வரை பில்ஹார்சியா என்னும் நத்தைப்புழு நோயை ஒழிக்க அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. ஊசியைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் ஒருவருக்குப் போட்டதையே அடுத்தவருக்கும் போட்டார்கள். புழு குறைந்தது, ஹெபடைடிஸ் சி பரவியது. உலகத்திலேயே அதிகம் என்ற நிலை.

சி வகைக்கு சோபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது 2013 டிசம்பரில். வேறொரு மருந்தோடு சேர்த்து 12 வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு நோயே போய்விடும். அமெரிக்காவில் விலை 84,000 டாலர், மாத்திரை ஒன்று 1,000 டாலர். எகிப்து பேரம் பேசி 900 டாலருக்கு வாங்கியது. பிறகு உள்ளூர் நிறுவனங்களே தயாரித்து 100 டாலருக்கும் கீழே கொண்டுவந்தன.

2018 அக்டோபரில் 'பத்துக் கோடி ஆரோக்கியம்' என்ற பெயரில் பரிசோதனை இயக்கம் தொடங்கியது. மெட்ரோ நிலைய வாசலில் மேசை போட்டு வெள்ளைக் கோட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். விரலில் ஒரு குத்து, பட்டையில் ஒரு சொட்டு. இருபது நிமிடம் ஆகும். அதற்குள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுவார்கள். எங்கள் தளத்தில் கம்பி கட்டும் முகமது என்ற பெரியவர் அந்தச் சீட்டைத் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். ஏழு மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்தார்கள். 22 லட்சம் பேருக்குத் தொற்றின் அடையாளம் இருந்தது. மருந்து இலவசம். உலக வங்கிக் கடனும் இருந்தது, அரசுக் காசும் இருந்தது. 2023 அக்டோபரில் சி வகையை ஒழிக்கும் பாதையில் தங்கத் தகுதி பெற்ற முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆகவே முடியும். ஆனால் ஊசிப் பழக்கத்தை மாற்றாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். 2019-இல் பாகிஸ்தானின் ரத்தோடேரோவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. வந்ததற்குப் பழைய ஊசிகளையே மறுபடி போட்டது பெரிய காரணம். காய்ச்சல், சளி என்று போன குழந்தைகள்.

---

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 6:48

ஒப்புக்கொள்கிறேன், எகிப்து எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. சி வகை 12 வாரத்தில் முடிகிற செலவு. ஒரு முறை கடன் வாங்கி அடைத்துவிடலாம். பி வகைக்கு மருந்து பெரும்பாலும் ஆயுள் முழுக்க. இன்றைக்கு ஆளைக் கண்டுபிடித்து மருந்தைத் தொடங்கிவிட்டு, ஐந்து வருடம் கழித்து அடுத்த அரசு கையை விரித்தால்? பாதியில் நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று வீங்கும் என்று படித்தேன். தொடங்காமலே இருந்தது தேவலை என்று ஆகிவிடாதா?

---

பல்லாவரம் மருந்தாளர் | ஞாயிறு, காலை 8:15

நியாயமான கேள்வி. எச்.ஐ.வி.-க்கும் 2001-இல் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஆயுள் முழுக்க யார் கொடுப்பது, மணி பார்க்கத் தெரியாதவர்கள் வேளை தவறாமல் விழுங்குவார்களா என்றெல்லாம். இன்று உலகத்தில் எச்.ஐ.வி. உள்ள 4.08 கோடிப் பேரில் 3.16 கோடிப் பேர் மருந்தில் இருக்கிறார்கள். இது 2024 கணக்கு.

இன்னொன்றையும் பக்கத்தில் வையுங்கள். எய்ட்ஸால் இறப்பவர்கள் ஆண்டுக்கு 6.3 லட்சம். ஹெபடைடிஸால் 13 லட்சம், அதில் பெரும்பகுதி பி.

---

ஊர்ச்செவிலி | ஞாயிறு, காலை 10:30

எல்லோரும் மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறதே! பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தையின் தொடையில் ஓர் ஊசி. தாயிடமிருந்து வருவதை அங்கேயே நிறுத்தலாம். குழந்தையாக இருக்கும்போது தொற்றினால்தான் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும், வளர்ந்த பிறகு தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புட்டி ஒன்றில் பத்து டோஸ். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பிரசவம். ஒரு குழந்தைக்காகப் புட்டியைத் திறந்தால் மீதி ஒன்பது வீண், மாதக் கணக்கில் விரயம் என்று எழுத வேண்டும், கூட்டத்தில் கேள்வி வரும். நாளை இன்னொரு குழந்தை பிறக்கட்டும், சேர்த்துப் போடலாம் என்று விட்டுவிடுவோம். நாளை வருவதற்குள் 24 மணி நேரம் முடிந்துவிடும். திறந்த புட்டியைக் குளிர்ப்பெட்டியில் ஒழுங்காக வைத்தால் 28 நாள் வரை போடலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னபோது பக்கத்தில் இருந்த அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்!

ஆப்பிரிக்காவில் இந்த முதல் நாள் ஊசி நூற்றுக்கு 18 குழந்தைகளுக்குத்தான் போகிறது என்று படித்தேன். வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் யார் போய்ச் சேர்வது? ஏரிக்கரை அண்ணா, உங்கள் ஊரில் எப்படி?

---

ஏரிக்கரையான் | ஞாயிறு, இரவு 9:10

ஊர்ச்செவிலி, நான் பார்த்த கிராமங்களில் குழந்தைக்கு முதல் பி ஊசி ஆறாவது வாரம் மற்றவற்றோடு சேர்த்துத்தான். அதற்குள் தாயிடமிருந்து வர வேண்டியது வந்துவிடும்.

கணக்குப்பிள்ளை கேட்டதில் பாதி எனக்கும் உண்டு. நிறுத்தினால் வீங்கும் என்பது சரி. அந்தத் தம்பி ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கியதே அரைகுறைதான். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் அடி. அரை மருந்தில் எச்.ஐ.வி. வைரஸ் மருந்துக்குப் பழகிவிட்டால் அடுத்த கூட்டு மருந்து விலை அதிகம், மாத்திரையும் அதிகம்.

மருந்து விலையைவிட என்னைக் கடுப்பேற்றுவது அதற்கு முந்திய படிகள். எச்.ஐ.வி.-யில் ரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அன்றே மருந்து. பி-யில் அப்படி இல்லை. வைரஸ் எவ்வளவு, கல்லீரல் எப்படி என்று பார்த்த பிறகுதான் தொடங்குவார்கள். வைரஸ் அளவைப் பார்க்கும் இயந்திரம் எங்களிடம் இருக்கிறது. காபி இயந்திரம் அளவு, நான்கு வாய். அதில் செருகும் சோதனை டப்பிக்குக் கேட்ரிட்ஜ் என்று பெயர். எச்.ஐ.வி.-க்கு ஒரு கேட்ரிட்ஜ், காசநோய்க்கு ஒன்று, ஹெபடைடிஸ் பி-க்கு வேறொன்று. முதல் இரண்டும் திட்டத்தில் வரும், மூன்றாவதை நோயாளி காசு கொடுத்து வரவழைக்க வேண்டும். ஒரு வாய் சும்மா திறந்திருக்கும், ரத்தம் எதிரில் இருக்கும், கேட்ரிட்ஜ் இருக்காது.

2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வழிமுறையைத் தளர்த்தியது. வைரஸ் அளவு பார்க்க வசதி இல்லாத இடத்தில் கல்லீரல் நொதி, பிளேட்லெட் என்ற இரண்டு சாதாரணப் பரிசோதனைகளை வைத்துக் கணக்குப் போட்டே மருந்தைத் தொடங்கலாம். எங்கள் டாக்டர் ஒருவர் அதை அச்சிட்டு மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். மற்றவர்கள் இன்னும் பழையபடிதான்.

இன்னொன்று. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திய செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். எங்களிடம் மாத்திரை நிற்கவில்லை. நின்றது ஆட்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களிலேயே சிலர், மற்ற நோயாளிகளின் வீடு தேடிப் போய்ப் பேசுபவர்கள், சிறு சம்பளத்தில் இருந்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களைக் காணோம். அந்த மீன்காரப் பெண் வீட்டுக்கு மாதம் ஒரு முறை போய்வந்த பெண்மணியும் அவர்களில் ஒருவர். அவர் இருந்திருந்தால், ஒரே டப்பாவிலிருந்து இரண்டு பேர் விழுங்குவதை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கண்டுபிடித்திருப்பார். நான் தட்டில் இரண்டு முறை எண்ணியும் கண்டுபிடிக்கவில்லை.

---

புதுவரவு 77 | திங்கள், காலை 11:00

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசி வந்துவிட்டதே! ஆப்பிரிக்காவில் சோதனையில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லையாம். இனி இந்த மாத்திரைப் பிரச்சினையே இருக்காது இல்லையா?

---

பல்லாவரம் மருந்தாளர் | திங்கள், பகல் 12:25

நல்ல செய்திதான். தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் அந்த ஊசி பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. 2025-இல் அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,218 டாலர் என்று விலை வைத்தார்கள். அதுவும் கிலியட் மருந்துதான். மற்ற நிறுவனங்கள் தயாரித்து 120 நாடுகளில் விற்க ஜெனரிக் உரிமம் கொடுத்திருக்கிறார்கள். 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக இந்திய நிறுவனங்கள் 2025-இல் அறிவித்தன. ஆனால் பிரேசில், பெரு, மெக்சிகோ, அர்ஜென்டினா நாட்டவர்கள் சோதனைக்கு உடம்பைக் கொடுத்தார்கள், உரிமப் பட்டியலில் அந்த நாடுகள் இல்லை. சோதனைக்கு வேண்டும், விற்பனைக்கு வேண்டாம்.

அந்த ஊசி எச்.ஐ.வி. வராமல் தடுக்க. ஹெபடைடிஸ் பி-யை அது தொடாது. அதனால் ஏரிக்கரை அண்ணாவின் வரிசை இரண்டாகவேதான் இருக்கும். எச்.ஐ.வி. மருந்தை மாற்றும்போதும் பி இருக்கிறதா என்று பார்க்காமல் டெனோபோவிரை எடுத்துவிடக் கூடாது. அடங்கியிருந்த பி எழுந்துவிடும். எங்கள் கடையில் சீட்டைப் பார்த்து இரண்டு முறை டாக்டருக்குப் போன் செய்திருக்கிறேன்.

---

சானடோரியம் வாத்தியார் | திங்கள், மாலை 6:40

ஏரிக்கரைத் தம்பி, நாங்கள் பத்துப் பேர் சேர்ந்தால் அந்தத் தம்பிக்கு ஓராண்டு மருந்து வாங்கித் தரலாம். கூச்சப்படாமல் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு என்ன செய்வது என்று கணக்குப்பிள்ளை கேட்பார் என்பதும் தெரியும்.

---

கணக்குப்பிள்ளை | திங்கள், மாலை 7:02

கேட்க மாட்டேன். என் பங்கையும் எழுதிக்கொள்ளுங்கள்.

---

ஏரிக்கரையான் | மூன்று வாரம் கழித்து, வியாழன், இரவு 11:30

ம்வான்சா திரும்பிவிட்டேன். வாத்தியார் ஐயாவுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் நன்றி. பணம் தேவைப்படவில்லை, இப்போதைக்கு.

இங்கே விகோபா என்று ஊர்ச் சேமிப்புக் குழுக்கள் உண்டு. நம் மகளிர் சுயஉதவிக் குழு மாதிரி, ஒரு பெட்டி, மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி. அக்கா தன் குழுவில் தம்பி பெயருக்குக் கடன் எழுதியிருக்கிறார். மேசைக் கண்ணாடிக்குக் கீழே தாள் வைத்திருக்கும் டாக்டர்தான் தம்பியைப் பார்த்தார். நொதி, பிளேட்லெட் கணக்கிலேயே தனி டெனோபோவிர் தொடங்கியாயிற்று, கேட்ரிட்ஜுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாத மருந்து வாங்கிக்கொண்டார். டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டு மாத்திரையைத் துணியில் முடிந்தார். "உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லையே, டப்பாவோடு போகலாமே" என்றேன். "அது டப்பாவின் சத்தத்துக்குத் தெரியுமா?" என்றார்.

அக்காவின் வைரஸ் அளவை அடுத்த மாதம் மறுபடி பார்க்கிறோம். அட்டையில் எச்.ஐ.வி. என்று எழுதச் சொன்னாரே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

---

புதுவரவு 77 | வெள்ளி, காலை 8:20

ஒரு சொந்தச் சந்தேகம். என் அம்மா கல்லீரல் சுருங்கித்தான் போனார். என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா? தமிழ்நாட்டில் எங்கே போவது?

---

ஊர்ச்செவிலி | வெள்ளி, காலை 9:05

கட்டாயம் பரிசோதித்துக்கொள்ளுங்கள் தம்பி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 2018 ஜூலை 28 முதல் மத்திய அரசின் ஹெபடைடிஸ் திட்டம் இருக்கிறது, பரிசோதனையும் மருந்தும் இலவசம். பி-யும் சி-யும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் சர்க்கரை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இல்லை என்று வந்தால் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

---

புதுவரவு 77 | வெள்ளி, காலை 9:11

ஒரு தங்கை இருக்கிறாள். அவளுக்கு எட்டாம் மாதம். இன்றைக்கே போகிறோம்.